காவேரிப்பட்டணத்திலிருந்து ஷார்ஜாவுக்கு விசிட் விசாவில்

எங்கள் பக்கத்தில் ஒருவர் துபாய்க்குப் போகிறார் என்று தெரிந்தால், சம்பளம் எவ்வளவு, எந்தக் கம்பெனி என்பவைதான் முதல் இரண்டு கேள்விகள். நண்பர் வீட்டில் சில நாட்கள் தங்கிவிட்டு வரப்போகிறோம் என்று நானும் என் மனைவியும் சொன்னபோது, கேட்டவர்களில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. மீதிப் பேர் அப்படியே ஒரு வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிடுமாறு யோசனை சொன்னார்கள். ஊரார் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. ஆனால் பாஸ்போர்ட், விசா, இமிகிரேஷன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இதே சந்தேகத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும், வேலைக்குப் போகவில்லை என்பதைக் காகிதத்தைக் கொண்டே காட்ட வேண்டும் என்பதும் இந்தப் பயணத்தில்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்களைப் போலவே நண்பரையோ தூரத்து உறவினரையோ பார்க்கப் புறப்படுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டிகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன். கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரியில் என்னுடன் படித்தவர்களில் இருவர் அமீரகத்தில் இருக்கிறார்கள். ஒருவர் குடும்பத்துடன் ஷார்ஜாவில் வசித்துக்கொண்டு துபாயில் ஒரு கிடங்கில் கணக்கராக வேலை செய்கிறார். பென்னாகரத்துக்காரரான மற்றவர் ஏசி மெக்கானிக், கம்பெனி தரும் தங்குமிடத்தில் இருக்கிறார். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கை 20ஆம் தேதி தாக்கல் செய்துவிட்டால் அடுத்த மாதம் 11ஆம் தேதி வரை எனக்குச் சற்று மூச்சு விட நேரம் கிடைக்கும். வெயில் இல்லாத காலமாகவும் இருக்கட்டும் என்று, பொங்கல் கழிந்த தை மாதத்து இடைவெளியைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசா தருவதில்லை என்று அறிவித்தது; அடுத்த சில நாட்களிலேயே, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. எங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் தெளிவாக இருந்ததால் மாற்றி எடுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஆனால் விசாவுக்கு முதல் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினால் போதாது, கடைசிப் பக்கமும் கட்டாயம் போக வேண்டும். எங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட ஏஜென்சி இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒருமுறை திருப்பி அனுப்பிய பிறகுதான் அந்தப் பக்கத்தைக் கேட்டது.

இரண்டாவது சிக்கல் என் மனைவியின் பாஸ்போர்ட். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அதனால் அவருடைய பாஸ்போர்ட் இசிஆர், அதாவது வேலைக்காக வெளிநாடு போகும் முன் அரசின் சோதனை தேவைப்படும் வகையில் வந்திருந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்காக அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும்போது, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அதற்கான அதிகாரியின் அனுமதி பெற்றாக வேண்டும். படிக்காத தொழிலாளியை ஏமாற்றி அனுப்பிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் விசிட் விசாவில் போய் அங்கே வேலையில் சேருவதும், சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஏஜென்ட்டுகள் பணம் பறிப்பதும் நடப்பதால், இசிஆர் பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் நிற்பவரை இமிகிரேஷன் அதிகாரி கூடுதலாக விசாரிப்பார்.

இதற்கு ஒரு மாற்று வழியும் இருந்தது. வருமான வரி செலுத்துபவரும் அவருடைய மனைவி அல்லது கணவரும் இசிஆர் பட்டியலில் வரமாட்டார்கள். 50 வயதைக் கடந்தவர்களும் அப்படியே. நான் வரி செலுத்துகிறவன் என்பதால், அதற்கான சான்றுகளை வைத்து என் மனைவியின் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து அந்தக் குறிப்பை நீக்கிவிடலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். யோசித்துப் பார்த்து அதைச் செய்யவில்லை. பாஸ்போர்ட் இன்னும் பல ஆண்டுகள் செல்லும்; ஒரு முறை நண்பர் வீட்டுக்குப் போய்வர அதை மாற்றி, எண் மாறி, பிறகு எல்லா இடத்திலும் அந்த எண்ணைத் திருத்துவது வீண் வேலை என்று எனக்குப் பட்டது. அதற்குப் பதிலாக, கேட்கப்படக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காகிதம் என்ற முறையில் ஒரு கோப்பு தயாரித்தேன்: இருவருடைய திரும்பும் டிக்கெட், எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ், என் வருமான வரிக் கணக்கின் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, நண்பரின் எமிரேட்ஸ் ஐடி (அமீரகத்தில் வசிப்பவருக்கான அடையாள அட்டை), அவருடைய விசா, ஷார்ஜா நகராட்சியின் சான்று பெற்ற வாடகை ஒப்பந்தம், அவர் எங்களை அழைத்து எழுதிய கடிதம். கணக்குக்காரனுக்கு வவுச்சர் இல்லாமல் ஒரு வரி எழுத வராது என்று என் மனைவி கேலி செய்தார்.

விசாவை நண்பரே ஸ்பான்சர் செய்வார் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். அமீரகம் 2022 அக்டோபரில் விசா முறைகளை மாற்றியபோது, அங்கே வசிப்பவரின் உறவினரோ நண்பரோ வந்து போகத் தனி விசா வகையைக் கொண்டுவந்தது. ஆனால் நண்பரை ஸ்பான்சர் செய்ய மாத வருமானம் 15,000 திர்ஹாம் இருக்க வேண்டும் என்று 2025இல் வரம்பு வைத்துவிட்டார்கள். பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினருக்கு 4,000 போதும். ரத்த உறவைவிட நட்புக்கு ஏறக்குறைய நாலு மடங்கு விலை என்று நண்பர் தொலைபேசியில் சிரித்தார். அவருடைய சம்பளம் அந்த வரம்பை எட்டவில்லை. ஆகவே ஷார்ஜாவில் உள்ள ஒரு டிராவல் ஏஜென்சி வழியாக 30 நாள் சுற்றுலா விசா எடுத்தோம். வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம், பாஸ்போர்ட்டின் இரு பக்கங்கள், திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரிக்கான சான்று ஆகியவற்றைக் கேட்டார்கள். விசா பிடிஎஃப் ஆக வரும். கைப்பேசியில் வைத்திருந்தாலும் அச்செடுத்துக் கொண்டு போவது நல்லது. வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். கெடு தாண்டித் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். தங்கிவிடச் சொல்லி யோசனை சொன்னவர்களுக்கு நான் இந்தத் தொகையைத்தான் ரூபாயில் பெருக்கிக் காட்டினேன்.

மூட்டை கட்டுவதில்தான் வீட்டில் அதிகம் பேச்சு நடந்தது. நண்பரின் மனைவி கேட்டவை கேழ்வரகு மாவு, புளி, காய்ந்த மொச்சைக்கொட்டை, மாங்காய் ஊறுகாய், குருமாவுக்கு அரைத்த மசாலாப் பொடி. என் மனைவி அந்தப் பொடியை ஏற்கெனவே வறுத்து அரைத்து வைத்திருந்தார். அதில் கசகசா இருந்தது. அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பொருள். நம் அஞ்சறைப் பெட்டியில் சாதாரணமாகக் கிடக்கும் ஒன்று அங்கே ஒருவரைக் காவலில் வைக்கப் போதுமானது என்பதை அவர் ஏற்கவே சிறிது நேரமானது. பொடி முழுவதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, கசகசா இல்லாமல் புதிதாக அரைத்தோம். வெற்றிலையும் அங்கே தடை என்பதால் அதையும் எடுக்கவில்லை. மாத்திரைகளை அட்டை பிரிக்காமல் மருத்துவர் எழுதிய சீட்டுடன் வைத்தோம். வலி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் டிரமடால், கோடின் சேர்ந்தவை அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, முன் அனுமதி இல்லாமல் கொண்டு போகக் கூடாது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள் என்பதால் இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் இறுக்கிக் கட்டிப் பெரிய பெட்டிக்குள் வைத்தோம்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துச் சர்வதேச விமான நிலையம் என்றால் பெங்களூர்தான். ஆனால் அது நகரத்துக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டி வரை வருவது எளிது. அங்கிருந்து நகரைக் கடந்து போவதுதான் பாடு. தனிக் காருக்குக் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்தைப் பிடித்தோம். பெட்டிகளை வைக்கத் தனி இடம் இருக்கிறது, குளிர்சாதன வசதி இருக்கிறது. நெரிசலைத்தான் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும் என்பதோடு சாலைக்கும் தாராளமாக நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இரண்டாவது முனையத்திலிருந்து புறப்படுகின்றன.

இமிகிரேஷன் கவுன்டரில் என் பாஸ்போர்ட் சில நொடிகளில் முடிந்துவிட்டது. என் மனைவியின் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி கடைசிப் பக்கத்தில் நின்றார். எதற்குப் போகிறீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்; நான் பதில் சொல்ல வாயெடுத்ததும், அவரே சொல்லட்டும் என்று கையைக் காட்டிவிட்டுக் கன்னடத்துக்கு மாறினார். என் மனைவி ராயக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர், கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணவருடைய கல்லூரித் தோழர், அவர் மனைவியின் ஊர் போச்சம்பள்ளி, பிள்ளை மூன்றாம் வகுப்பு படிக்கிறான், அவனுக்கு முறுக்கு சுட்டு எடுத்துப் போகிறேன் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். அதிகாரி திரும்பும் டிக்கெட்டையும் திருமணச் சான்றிதழையும் மட்டும் வாங்கிப் பார்த்தார். வரிக் கணக்கை நான் நீட்டியபோது தேவையில்லை என்று தலையசைத்து முத்திரை வைத்தார். பக்கத்துக் கவுன்டரில் அதே வகைப் பாஸ்போர்ட்டுடன் நின்ற ஓர் இளைஞரால் தங்கப்போகும் வீட்டின் முகவரியைச் சொல்ல முடியவில்லை. அவரைத் தனியே உட்கார வைத்திருந்தார்கள். கேள்விகள் அறியாதவை அல்ல, கேட்கப்படும் விதத்தில்தான் பதற்றம் வருகிறது. உடன் வருபவர் பேச முடியாது என்பதால், போகிறவர் ஒவ்வொருவரும் முகவரியையும் திரும்பும் தேதியையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது.

நான்கு மணி நேரப் பறப்பு. ஷார்ஜாவில் இறங்கியதும் கண்ணைக் கருவியில் பதிவு செய்தார்கள், முத்திரை வைத்தார்கள், அவ்வளவுதான். பெட்டியை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

அங்கே போன பிறகு தெரிந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஷார்ஜா அரசு 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் விடுமுறை விடுகிறது. நண்பரின் பையனுக்குப் பள்ளியும் அப்படியே. துபாயில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பருக்கோ ஞாயிறு ஒரு நாள்தான். ஷார்ஜா – துபாய் சாலையின் நெரிசலுக்குப் பயந்து விடியும் முன்பே கிளம்பி, இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். அதனால் பார்க்கப் போனவரை நாங்கள் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டின்போதுதான் பார்த்தோம். போகும் நாட்களில் குறைந்தது இரண்டு ஞாயிறாவது அடங்கும்படி டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது என் யோசனை. பகலில் நாங்களே ஜுபைல் பேருந்து நிலையம் போய், பேருந்துக்கும் மெட்ரோவுக்குமான நோல் கட்டண அட்டை வாங்கி, துபாய் யூனியன் நிலையம் வரை பேருந்திலும் அங்கிருந்து மெட்ரோவிலும் சுற்றினோம். துபாய் கிரீக் என்னும் கடல் ஓடையைக் கடக்கும் அப்ரா படகுக்கு ஒரு திர்ஹாம்தான். என் மனைவி அதில் மூன்று முறை போய்வந்தார்.

பென்னாகரத்து நண்பரை அவர் இடத்தில் போய்ப் பார்க்க முடியவில்லை. அவர் இருப்பது ஊரார் சோனாப்பூர் என்று அழைக்கும் முஹைஸினா பகுதித் தொழிலாளர் குடியிருப்பில். அவருடைய கம்பெனி விருந்தாளிகளை உள்ளே விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே புறப்பட்டு வந்தார். நாங்கள் கொண்டுபோன மாவில் களி கிண்டி, மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தோம். வலது கை விரல்களில் ஏசி கம்பிச்சுருளின் தகடு கிழித்த பழைய தழும்புகள், நகத்தைச் சுற்றிக் கறுத்த கோடு. அந்தக் கையால் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து, பேச்சே இல்லாமல் இரண்டு உருண்டை சாப்பிட்ட பிறகுதான் ஊர் நிலவரம் கேட்டார். மாலை ஆறு மணிக்கு அடுத்த நாள் ஷிப்டை நினைத்து எழுந்துவிட்டார்.

திரும்பும்போது நகை விஷயம் வந்தது. நண்பரின் மனைவி போச்சம்பள்ளியில் உள்ள தன் அம்மாவுக்கு ஒரு சங்கிலி வாங்கி வைத்திருந்தார். எங்களிடம் கொடுத்தனுப்ப விரும்பினார். பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரை நகைக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மட்டுமே. சில நாட்கள் தங்கி வரும் எங்களுக்குப் பொருந்தாது. என் மனைவி இங்கிருந்து அணிந்துபோன தாலிக்கொடியையும் வளையல்களையும் எங்கள் பழைய நகை என்று காட்ட, கிளம்பும் முன் எடுத்த படங்களும் கடை ரசீதும் கோப்பில் இருந்தன. புதுச் சங்கிலிக்கு அப்படி எதுவும் காட்ட முடியாது. இதை அவரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. ஒரு சங்கிலியைக் கூட எடுத்துப் போகமாட்டார்களா என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். கணவரே விதியை விளக்கிச் சொல்லிவிட்டார். பேரீச்சம்பழம், பால் பவுடர், கோடாலித் தைலம் ஆகியவற்றை மட்டும் போச்சம்பள்ளி வீட்டில் சேர்த்தோம். சங்கிலியை, பையனுக்குக் கோடை விடுமுறை விட்டதும் அவரே கழுத்தில் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே பல ஆண்டுகளாக வசிப்பவர் என்பதால் அவருக்கு அந்தச் சலுகை உண்டு.