பத்தொன்பதாவது மீட்டரில் ஒரு கோடு

இத்தாலியின் கிழக்குக் கரையில், அங்கோனாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் மஸ்ஸின்யானோ என்ற சிற்றூர். அதன் பக்கத்தில் சாலையோரமாக ஒரு கைவிடப்பட்ட கல்குவாரி. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம், நானும் நுண்புதைபடிவ ஆய்வாளரான என் தோழியும். பூமி வரலாற்றில் இயோசீன் என்ற காலகட்டம் முடிந்து ஒலிகோசீன் என்ற அடுத்த காலகட்டம் தொடங்கும் இடம் உலகம் முழுமைக்கும் இந்தச் சுவரில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. 1992இல் அது அதிகாரபூர்வமானது.

முந்தின நாள் இத்தாலியிலேயே குப்பியோ என்ற ஊரில் இருந்தோம். டைனோசர் காலம் முடிந்த இடத்தில் விரல் தடிமனுக்குக் களிமண் பட்டை ஓடுவதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். பட்டைக்குக் கீழே உள்ள கல்லில் லென்ஸ் வைத்தால் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் மணல் பருமனுக்குத் தெரிகின்றன. மேலே எல்லாம் சட்டென்று பொடிசாகிவிடுகின்றன. அதே மாதிரி ஒரு பட்டையை எதிர்பார்த்துக்கொண்டுதான் மஸ்ஸின்யானோவிலும் இறங்கினேன்.

பட்டை ஏதும் இல்லை. சிவப்பும் பச்சை கலந்த சாம்பலுமாக, சாய்ந்த அடுக்குகளில் 23 மீட்டர் மார்ல், அதாவது களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மென்மையான பாறை. எல்லை 19ஆவது மீட்டரில், அரை மீட்டர் தடிமனுள்ள சாம்பல்பச்சை அடுக்கு ஒன்றின் அடியில். தோழி விரலால் காட்டினாள். விரலுக்கு மேலேயும் கீழேயும் எனக்கு ஒரே மண்ணாகத்தான் தெரிந்தது. ராத்திரி பெய்த மழையில் குவாரித் தரை குழைந்து கிடந்தது. "உன் செருப்பில் ஒட்டியிருக்கிற சேற்றிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது ஃபொராமினிஃபெராவை. ஒரே செல் உயிர். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் அறை அறையாக ஓடு கட்டிக்கொள்ளும். இவற்றில் மிதக்கும் வகைகள் கடல் நீரோட்டத்தோடு உலகம் சுற்றி, செத்தபின் அடியில் படிந்துவிடுகின்றன. கடலடியில் துளை போட்டு எடுக்கும் கை தடிமன் கல்லில் திமிங்கல எலும்பு கிடைக்குமா? ஆனால் ஒரு சிட்டிகை மண்ணிலும் இவை இருக்கும். அதனால்தான் காலத்தைக் குறிக்க இவற்றை நம்புகிறார்கள்.

இந்த எல்லையைக் குறிப்பது ஹான்ட்கெனினா குடும்பம். ஹங்கேரிய அறிஞர் மிக்ஷா ஹான்ட்கென் பெயரில் வந்தது. கடுகை விடச் சிறிய ஓடு. அறைக்கு ஒன்றாக உள்ளீடற்ற நீண்ட முள். வெதுவெதுப்பான கடல்களில் சுமார் 1.5 கோடி ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, 3 கோடியே 39 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. பூமி குளிர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதற்குச் சற்றுப் பின்னால் அண்டார்க்டிகாவில் பெரும் பனிப்பாளம் படர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. இதே சுவரின் கீழ்ப்பகுதியில் விண்கற்களோடு வரும் இரிடியம் என்ற உலோகமும் அதிர்ச்சியில் நொறுங்கிய குவார்ட்ஸும் கிடைத்திருக்கின்றன; சைபீரியாவின் போப்பிகாய் விண்கல் மோதலோடு அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். எல்லைக்கோட்டை அங்கே கிழித்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் முள் ஓட்டுக்காரர்கள் அந்த மோதலைத் தாண்டியும் வாழ்ந்தார்கள். கோடு அவர்கள் கடைசியாகத் தென்படும் இடத்தில்தான் நிற்கிறது. அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

ஒன்று இல்லாமல் போனதை வைத்துக் கோடு போடுவது லேசான காரியமில்லை. முட்கள் எளிதில் ஒடியும். ஆழ்கடலில் ஓடே கரைந்துபோகலாம். பழைய மண் அரித்து வந்து புதிய மண்ணில் கலந்தால், செத்தவர்கள் மேல் அடுக்கிலும் எழுந்து வருவார்கள். குளிர்க்கடல்களில் இந்த இனம் மிக அரிது. அங்கெல்லாம், வேறு நுண்புதைபடிவங்களையும், பாறையில் பதிந்த காந்தப்புலத் தலைகீழ் மாற்றங்களையும் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

அது பாதுகாக்கப்பட்ட பகுதி. நாங்கள் சுத்தியலைத் தொடவில்லை. பாடம் நடத்த அவள் வைத்திருந்த பழைய மாதிரிகளைச் சாயங்காலம் அறையில் மைக்ரோஸ்கோப் அடியில் வைத்தாள். மார்லைத் தண்ணீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, காயவைத்து, கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் தூவியது. நுனியில் நாலைந்து மயிரே உள்ள பிரஷ்ஷை ஈரமாக்கி ஓட்டைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். மூச்சை வேகமாக விட்டால் பறந்துவிடும்.

எல்லைக்குக் கீழே எடுத்த மண்ணின் தட்டில், ஏழாவது கட்டத்தில் அதைக் கண்டேன். பால் வெள்ளை. அடுத்தடுத்த அறைகளிலிருந்து முட்கள் வளைந்து நீண்டிருந்தன. ஒன்று மட்டும் பாதியில் ஒடிந்திருந்தது, ஒடிந்த இடத்தில் குழல் மாதிரி ஓட்டை. வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு எல்லைக்கு மேலே எடுத்த மண்ணின் தட்டு. கட்டம் கட்டமாக மூன்று தடவை தேடினேன். உருண்டை உருண்டையாக எத்தனையோ ஓடுகள். முள் இல்லை.