குளவிக் கூட்டைத் தேடி வருபவை

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்புறச் சன்ஷேடின் அடியில், சென்ற தை மாதம் ஒரு குளவிக் கூடு தோன்றியது. ஒட்டடைக் கம்பால் தட்டிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பக்கம் யாரும் அதிகம் புழங்குவதில்லை என்பதால், மாசி முடியும்வரை விட்டுவைக்குமாறு கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு மாதங்களில் நான் கண்டவற்றையும், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தக் கூடுகளைப் பற்றிப் படித்து வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கூடு உள்ளங்கை அகலம் இருந்தது. பழைய வேலிக் கம்பையும் வெயிலில் வெளிறிய கதவு நிலையையும் சுரண்டி எடுத்த நாரை எச்சிலில் குழைத்து, காகிதம் போலாக்கி, ஆறு பக்க அறைகளாக அடுக்கியிருந்தன. முழுக் கூடும் தீக்குச்சியைவிட மெல்லிய ஒரே காம்பில் தொங்கியது. இவ்வகைக் குளவிகள் பலவும் தம் வயிற்றுப்புறத்தை அந்தக் காம்பில் தேய்த்து எறும்புகளை விரட்டும் சுரப்பைப் பூசுகின்றன. எறும்பு ஏறிவிட்டால் ஒரே இரவில் கூடு காலியாகிவிடும் என்பதால், உள்ளே வருவதற்கு ஒரே வழிதான் இருக்க வேண்டும். அந்த வழியும் காவலில் இருக்க வேண்டும்.

குளவிக் கூட்டில் தேன் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கூட்டில் இருப்பது ஊன். இடுப்பு நூலாக ஒடுங்கிய வளர்ந்த குளவியால் திட உணவை விழுங்க இயலாது. அது தோட்டத்துக் கம்பளிப்புழுக்களையும் பூச்சிகளையும் பிடித்து, மென்று உருண்டையாக்கி, அறைகளில் இருக்கும் தன் புழுக்களுக்கு ஊட்டுகிறது. அந்தப் புழுக்கள் கசியும் நீரைத் தான் பருகிக்கொள்கிறது. ஆகவே கத்தரிச் செடியிலும் முருங்கையிலும் சிதறிக் கிடந்த புழுக்களின் சத்து முழுவதும், சில வாரங்களில், கொழுத்த வெண்ணிறப் புழுக்களாக ஒரே இடத்தில் திரண்டுவிடுகிறது. தோலில் மயிரோ முள்ளோ இல்லாத, ஓடிப்போகவும் தெரியாத இந்த உணவுக்கு ஈடான விருந்து காட்டில் வேறு அதிகம் இல்லை. குளவியின் கொடுக்கும் நஞ்சும் இந்த அறைகளைக் காக்கத்தான் இத்தனை கடுமையாக இருக்கின்றன.

மாசி மாதம் ஒரு காலை, ஒன்பது மணி அளவில், கட்டை விரலில் பாதி நீளத்தில், கடந்தை என்னும் பெருங்குளவி ஒன்று வந்தது. கருத்த உடலில், வயிற்றின் குறுக்கே அகலமான ஆரஞ்சுப் பட்டை ஒன்று. டெல்டாப் பக்கத்தில் கதண்டு என்று சொல்வது இதையும் இதன் இனத்தவற்றையும்தான். அறிவியலில் இதற்கு வெஸ்பா ட்ரோபிகா என்று பெயர். சிறு காகிதக் குளவிகளின் கூடுகளைக் கொள்ளையிடுவதே இதன் முதன்மையான பிழைப்பு. கூட்டில் ஏறக்குறைய இருபது குளவிகள் இருந்தன, ஒன்றுகூட எதிர்க்கவில்லை. எல்லாம் விலகிப் பறந்து சுவரில் ஒரு முழத் தொலைவில் போய் அமர்ந்துகொண்டன. கடந்தை ஓர் அறையின் வெள்ளைப் பட்டு மூடியைக் கிழித்து, உள்ளே பாதி உருவாகியிருந்த கூட்டுப்புழுவை வெளியே இழுத்து, பின்கால்களால் தொங்கியபடியே மென்று உருட்டிக்கொண்டு பறந்தது. கால் மணி நேரத்தில் மறுபடியும் வந்தது. நண்பகலுக்குள் எந்த அறையிலும் புழு இல்லை. மூடிகளின் கிழிசல்கள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

குளவிகள் ஏன் போரிடவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர், ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் இவ்வகைக் குளவியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். இந்த இனத்தில் அரசிக்கும் வேலைக்காரிக்கும் உருவ வேறுபாடு இல்லை. அரசியை அகற்றினால், சில நிமிடங்களிலேயே வேலைக்காரிகளுள் ஒன்று முனைப்புக் காட்டத் தொடங்கி, சில நாட்களில் அரசியாகிவிடுகிறது. ஆண்டின் எந்த மாதத்திலும் புதுக் கூடு தொடங்கவும் இவற்றால் இயலும். எனவே உயிரோடு தப்பிய ஒவ்வொரு பெண் குளவியும் வருங்காலக் கூடு ஒன்றின் விதையாகிறது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய கடந்தையிடம் இருபதும் மடிவதைக் காட்டிலும், புழுக்களை இழந்து தாம் தப்புவதே இந்த இனத்துக்கு இலாபம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் கடந்தையின் இனத்தாருக்கும் கொள்ளைக்காரர்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், உறவினரின் மாந்தோப்பை ஒட்டிய புளிய மரத்தில் பானை அளவுக்குத் தொங்கிய கடந்தைக் கூட்டைத் தேன் பருந்து ஒன்று உடைத்ததைக் கண்டேன். அது பாய்ந்து தாக்கவில்லை. கிளையில் நடந்து வந்து, காலால் கூட்டின் மேலுறையைக் கிழித்து, தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த அடைகளில் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனது. தலையைச் சுற்றிக் கடந்தைகள் மொய்த்தபோதும், அடையைக் காலடியில் மிதித்துப் பிடித்து, ஒவ்வோர் அறையாகப் புழுவை எடுத்துத் தின்றது. மற்றப் பருந்துகளுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் இடையே தோலும் மெல்லிய மயிரும் தெரியும். இதற்கு அந்த இடத்தில் மீன் செதில் போலக் குட்டையான கெட்டி இறகுகள் நெருக்கமாகப் போர்த்தியிருக்கின்றன. மூக்குத் துளை ஒரு கீறலாக ஒடுங்கியிருக்கிறது. நகங்கள் அதிகம் வளையாமல், கிளறுவதற்கு ஏற்றவையாக இருக்கின்றன.

தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் என்னைக் கிட்டே போக விடவில்லை. "ரெண்டு நாளைக்கு அதுக்குக் கோவம் அடங்காது சார், அந்தப் பக்கமே போகாதீங்க" என்றார். அவர் சொன்னது சரி. கடந்தையின் நஞ்சிலேயே மற்றவற்றை அழைக்கும் வாசனை கலந்திருக்கிறது. கொடுக்கில் தேனீக்கு உள்ளது போன்ற பெரிய முள் இல்லாததால், ஒரே கடந்தை பலமுறை கொட்ட முடியும். மூன்றாம் நாள் மரத்தடியில் கிடந்த அடைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். எடையே இல்லை. மரத்துக்கு மரம் நார் வேறுபடுவதால் சாம்பலும் பழுப்பும் செம்மையுமாக வரிவரியாக இருந்தது. ஒரே ஓர் அறையில், பருந்து தவறவிட்ட புழு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

நம் பகுதியில் தேன் பருந்து பெரும்பாலும் மலைத்தேனீயின் அடைகளையே நாடுகிறது. குளவியையே பெரிதும் நம்பி வாழ்வது ஐரோப்பாவில் உள்ள அதன் நெருங்கிய உறவினம். அங்கே குளவிகள் பலவும் மண்ணுக்கடியில் கூடு கட்டுகின்றன. பருந்து ஒரு கிளையில் அமர்ந்து, பறந்து செல்லும் குளவி எங்கே இறங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் காலால் தோண்டுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதத்தில்தான் அது திரும்புகிறது. கோடையின் பிற்பகுதியில் கூடுகள் புழுக்களால் நிறையும்போது அதன் குஞ்சுகள் வளர்கின்றன. பிரிட்டனில் பேட்ஜர் என்னும் விலங்கும் இரவில் இதே கூடுகளைத் தோண்டி, புழு நிறைந்த அடைகளைத் தின்றுவிட்டு, வெறும் காகிதக் கிழிசல்களைப் புல்லில் இறைத்துவிட்டுப் போகிறது.

நம் ஊர்களில் பனையிலும் தென்னையிலும் கடந்தைக் கூடு தென்பட்டால் தீயிட்டு அழிப்பது வழக்கம். பள்ளிக்கூடத்தின் அருகிலும் நடைபாதையிலும் அது தவிர்க்க முடியாதது, உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத ஓடைக்கரையிலும் கூட்டைத் தேடிப் போய்க் கொளுத்துவதைக் காணும்போது மனம் வலிக்கிறது. அந்தக் கூட்டுக்காகக் காத்திருக்கும் பறவை நம் தலைக்கு மேலேயே வட்டமிடுகிறது.

வீட்டுக் கூட்டின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். கொள்ளை நடந்த அன்று மாலையே ஒன்பது குளவிகள் திரும்பி வந்து வெற்று அறைகளின் மேல் அமர்ந்திருந்தன; இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோதும் அங்கேயே இருந்தன. நான்கு நாட்கள் அப்படியே போயின. ஐந்தாம் நாள், அதே சன்ஷேடின் மறு ஓரத்தில், பழைய கூட்டிலிருந்து மூன்றடி தள்ளி, ஒரு குளவி கீழ்நோக்கித் தொங்கியபடி புதுக் காம்பு ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தது.