இந்த வாரம் ராத்திரிக்கு என்ன?

ஜூன் 1, ஞாயிறு

வாரத் திட்டம் போட உட்கார்ந்தால் நான் முதலில் எழுதுவது சமையலின் பெயரை அல்ல, அந்தந்த நாளின் பாரத்தை. திங்கள் சுமார். செவ்வாய் மகளுக்கு நீச்சல் வகுப்பு, வீடு திரும்பவே எட்டு மணி ஆகிவிடும். புதன் வீட்டிலிருந்தே வேலை. வியாழன் ஆபீஸில் கணக்கு முடிக்கும் நாள், அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருப்பது நல்லது. இவ்வளவும் எழுதிய பிறகுதான் என்ன சமைப்பது என்ற பேச்சு. நாக்கு கேட்பதை வைத்துப் போடும் பட்டியல் செவ்வாயைத் தாண்டாது. உடம்பு எதற்கு ஒத்துழைக்கும் என்று பார்த்துப் போட்டால் வெள்ளி வரை ஓடும்.

படுக்கும் முன் கொண்டைக்கடலை ஊறப்போட்டேன். தண்ணீரில் கொஞ்சம் உப்பும் போட்டால் தோல் நன்றாக இளகும்.

ஜூன் 2, திங்கள்

கடலை குக்கரில் வெந்ததும் பாதியை எடுத்து ஃப்ரீசருக்கு அனுப்பினேன். மீதியில் தக்காளி, வெங்காயம், பூண்டு. தக்காளி எப்போதும் கடலை வெந்த பிறகுதான். புளிப்பு முன்கூட்டியே சேர்ந்தால் கடலை கல்லாகவே நிற்கும்.

ஜூன் 3, செவ்வாய்

எட்டே காலுக்கு வீடு. மகள் தலைகூடத் துவட்டவில்லை, "அம்மா, பசிக்குது" என்று அடுக்களை வாசலிலேயே நின்றாள். மசூர் பருப்புக்கு ஊறவைக்கும் வேலை கிடையாது, சாதாரணப் பாத்திரத்திலேயே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். அதோடு அரிசியும் ஒரு கேரட்டும் போட்டு, தண்ணீரைத் தாராளமாக வைத்தேன். மிருதுவாக, சூடாக, ஒரே கிண்ணத்தில், ஒரு கையால் சாப்பிடும்படி இருக்க வேண்டும். களைத்து வந்தவர்களுக்கு ருசியைவிட இதுதான் ஆறுதல் என்பது என் கட்சி. தொட்டுக்கொள்ள என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

நேரம் இருக்கும் நாள், ஆகவே வெங்காய சூப். வெங்காயம் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாக, இனிப்பாக மாற சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேண்டும். பத்தே நிமிடம் என்று எழுதுகிற சமையல் குறிப்புக்காரர்கள் அடுப்பு முன்னால் நின்றதே இல்லை போலிருக்கிறது. மீட்டிங் கேட்டுக்கொண்டே கிளறினேன். வியாழனுக்கும் சேர்த்துப் பெரிய பானை. மிச்சத்தை அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

சோறு மிஞ்சினாலும் இதே கதைதான், இன்னும் கண்டிப்பாக. பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

நாத்தனார் போனில் கேட்டாள்: "அண்ணி, காலையில ராஜ்மாவை ஸ்லோ குக்கர்ல போட்டுட்டு ஆபீஸ் போயிடலாமா?" பச்சையாகப் போடவே கூடாது என்றேன். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். ராஜ்மாவில் இயல்பாகவே இருக்கும் நச்சுப் புரதம் அந்தக் கொதிப்பில்தான் அடங்கும், ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதற்குப் போதாது. கொதித்த பிறகு தாராளமாக ஸ்லோ குக்கரில் போடலாம். "அப்போ பருப்பே வச்சுடறேன்" என்று போனை வைத்துவிட்டாள். நல்ல முடிவு.

ஜூன் 5, வியாழன்

சூப், ரொட்டி, அவித்த முட்டை. சூப்பை நன்றாகக் கொதிக்கவிட்டதும் முட்டையை அவித்ததும் அவர். நான் தட்டு எடுத்து வைத்ததோடு சரி.

ஜூன் 6, வெள்ளி

பட்டியலில் இந்த நாளுக்கு எதுவும் எழுதுவதில்லை. மிச்சம் மீதி இருந்தால் அது, இல்லையென்றால் முட்டை. ஒரு நாளாவது காலியாக இருந்தால்தான் நடுவில் ஏதாவது இடறினாலும் மொத்தத் திட்டமும் சரியாது. இன்று திங்கள்கிழமை கடலையே ஒரு கிண்ணம் இருந்தது. சமைத்த மிச்சத்துக்கு மூன்று, நான்கு நாள்தான் கணக்கு, அதனால் இன்றோடு தீர்த்தாக வேண்டும். அதை மசித்து ரொட்டிக்குள் வைத்தேன்.

ஜூன் 7, சனி

ஃப்ரீசர் டப்பாக்களில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினேன். உறைந்துவிட்டால் சூப் எது, பருப்பு எது என்று யாருக்கும் தெரியாது. மகள் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த புதனில் தன் பெயரை எழுதியிருக்கிறாள். என்ன சமைக்கப் போகிறாள் என்று எழுதவில்லை. உருளைக்கிழங்கு எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.