இரண்டு நாய்கள்

போன மாதம் பெரியப்பா லண்டன் வந்திருந்தார். 40 வருடம் தச்சு வேலை பார்த்தவர். மியூசியமா, கால் வலிக்குமே என்றவர், டிக்கெட் இல்லை என்றதும் செருப்பை மாட்டிவிட்டார்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆப்பிரிக்கக் கூடம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே கோசோ என்று ஒரு மர நாய். முன்னால் ஒரு தலை, பின்னால் ஒரு தலை. உடம்பெல்லாம் ஆணியும் இரும்புத் துண்டும். முதலில் முள்ளம்பன்றி என்றே நினைத்தேன். பெரியப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டி வெகுநேரம் பார்த்தார். "இது ஒரு ஆள் அடிச்ச ஆணி இல்லம்மா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கை."

சரியாகப் பிடித்துவிட்டார். கொங்கோ மக்கள் இந்த மாதிரி உருவத்தை என்கிசி என்பார்கள். சிற்பி செதுக்கிக் கொடுத்ததும் வேலை முடியாது. மந்திர வைத்தியர் மருந்து வைத்தால்தான் அதற்குச் சக்தி. அப்புறம் ஊரில் ஒரு தகராறு, ஒரு ஒப்பந்தம், ஒரு சத்தியம் என்று வரும்போதெல்லாம் ஆணி இறங்கும். வாக்குத் தவறியவனை நாய் மோப்பம் பிடித்துத் தேடிப்போகும். உயிரோடிருப்பவர்கள் உலகம், செத்தவர்கள் உலகம் இரண்டையும் பார்க்கத்தான் இரண்டு தலை.

மேலைநாட்டார் உள்ளதை உள்ளபடி வரைவார்கள், ஆப்பிரிக்கர்களுக்கு அது வராது என்றே நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அதே கூடத்தில் இருக்கும், இஃபே என்ற ஊரின் உலோகத் தலையைப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. 1938இல் நைஜீரியாவில் வீடு கட்டத் தோண்டியபோது கிடைத்தவற்றில் ஒன்று. உதடும் கன்னமும் அப்படியே ஆள் முகம். அதற்கும் முன்பே, 1910இல், இஃபே சிற்பங்களைப் பார்த்த ஜெர்மன்காரர் ஃப்ரோபெனியஸ், இது கடலில் மூழ்கிப்போனதாகக் கதையில் வரும் அட்லாண்டிஸ் தீவுக்காரர்கள் வேலை என்று கதை கட்டினார். (இஃபே எங்கே, கொங்கோ எங்கே! எல்லாவற்றையும் 'ஆப்பிரிக்கக் கலை' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் தப்புதான்.)

அங்கிருந்து பொடிநடையாக நேஷனல் கேலரி. வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி படம். அவர்கள் காலடியிலும் ஒரு நாய். ரோமம் ரோமமாக வரைந்திருக்கிறார். பின்சுவரில், 'யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434' என்று லத்தீனில் எழுத்து. இது கல்யாண ஒப்பந்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்து என்று 1934இல் பனோஃப்ஸ்கி என்ற அறிஞர் எழுதினார். இப்போது பலர் அதை ஏற்பதில்லை. எனக்கென்னவோ அந்த யோசனை பிடித்திருக்கிறது. இங்கே ஒப்பந்தத்துக்கு ஓவியர் பெயர், அங்கே ஆணி. கோசோவைச் செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

பெரியப்பா தம்பதியைக் கண்டுகொள்ளவே இல்லை. மூலையில் கிடந்த மரச்செருப்பையும் தரைப் பலகையையும் பார்த்து, "நல்ல கைக்காரன்" என்றார்.

ரயிலில் திடீரென்று கேட்டார்: "அந்த நாய்க்கு இனிமே யாரும் ஆணி அடிக்க மாட்டாங்களா?"

"கண்ணாடிக்குள்ள இருக்கே, பெரியப்பா."

"அப்போ வேலை பாதியிலதான் நிக்குது" என்றார்.