கருத்தரங்கு யாருடையது? ஒரு வழிநடத்தும் குழுத் தலைவரின் நாட்குறிப்பு

ஜனவரி 6

ஆண்டுதோறும் நடக்கும் எங்கள் கணினியியல் கருத்தரங்குத் தொடரின் வழிநடத்தும் குழுவுக்கு இன்றிலிருந்து நான் தலைவர். முன்பு இருந்தவர் 11 ஆண்டுகள் சுமந்தார். அவர் ஒப்படைத்தது மின்னஞ்சல்கள் நிறைந்த ஒரு கோப்புறை, ஒரு பழைய முகவரிப் பட்டியல், அப்புறம் "சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள்" என்ற ஒரு வரி. விதிமுறை ஆவணம் எங்கே என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை, எல்லாம் வழக்கம்தான் என்றார்.

குழுவில் 9 பேர். யார் எப்போது சேர்ந்தார்கள், எப்போது விலக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. இருவர் இந்தத் துறையை விட்டே போய்விட்டார்கள். இன்னமும் அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது.

கருத்தரங்கை நடத்தும் பொதுத் தலைவரும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக் குழுத் தலைவர்களும் ஆண்டுதோறும் மாறுகிறவர்கள். நடத்தி முடித்ததும் களைத்துப்போய்த் தங்கள் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிடுவார்கள். கற்றதும் அவர்களோடு போய்விடும். நிலையாக நிற்பது இந்தக் குழு ஒன்றுதான். அதற்கே நினைவு இல்லை. மற்ற பல துறைகளில் ஆய்விதழுக்கு இருக்கும் மதிப்பு கணினியியலில் கருத்தரங்குக் கட்டுரைக்கு இருக்கிறது. வேலையும் பதவி உயர்வும் அதை வைத்துத்தான். இவ்வளவு பேரின் வாழ்க்கையைத் தொடுகிற ஒன்றை ஞாபகத்தை நம்பி நடத்தியிருக்கிறோம் என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.

ஜனவரி 19

கணக்குப் பார்த்தேன். ஏசிஎம் போன்ற ஒரு கணினியியலாளர் சங்கம் முழு அனுசரணை கொடுத்தால் நட்டம் வந்தாலும் உபரி வந்தாலும் அதன் கணக்கில் சேரும். 'ஒத்துழைப்புடன்' என்று பெயரை மட்டும் கொடுத்தால் பணப் பொறுப்பு எதையும் அது ஏற்காது. நாங்கள் இரண்டாவது வகை. ஆகவே எந்த நிறுவனம் நடத்துகிறதோ அதன் கணக்கில் பணம் விழுகிறது, மீந்தால் அங்கேயே தங்கிவிடுகிறது. மூன்று ஆண்டுகளின் உபரி என்ன ஆயிற்று என்று யாரிடமும் பதில் இல்லை. கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பணம் எவ்வளவு முக்கியம் என்பது நடத்தியவர்களுக்குத் தெரியும். ஒருவர்கூடப் பதிவு செய்யாத நிலையில் அரங்குக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஹோட்டலில் இத்தனை அறைகள் நிரம்பும் என்று கையெழுத்துப் போட வேண்டும். நிரம்பாவிட்டால் காலி அறைக்கும் நாம்தான் கட்ட வேண்டும். பின்பலம் இல்லாத சின்னத் துறைகள் முன்வரத் தயங்குவது இதனால்தான். தொடருக்கென்று ஒரு கைப்பணம் இருந்திருந்தால் எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்!

பிப்ரவரி 3

அடுத்த ஆண்டு நடத்துவதாக இருந்தவர்கள் விலகிவிட்டார்கள். நடுவில் 14 மாதங்கள்தான். நல்லவேளை, இரண்டு இடங்களிலிருந்து விண்ணப்பம் வந்தது. இணையவழிக் கூட்டம், வாக்கெடுப்பு, 5–4. நிம்மதியாக மடிக்கணினியை மூடினேன்.

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் நினைவு வந்தது. ஜெயித்த விண்ணப்பத்தை எழுதியவரே எங்கள் குழுவில் ஒருவர். அவரும் ஓட்டுப் போட்டார். அந்த ஒரு ஓட்டுதான் வித்தியாசம். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. கட்டுரை மதிப்பாய்வில் சக ஊழியரின் கட்டுரையைத் தொடக்கூட விடமாட்டோம், மாணவருக்கும் வழிகாட்டிக்கும் இருக்கும் உறவை ஆயுளுக்கும் கணக்கில் எடுப்போம். எங்களுக்கு என்று வரும்போது அந்த ஒழுங்கு எங்கே போயிற்று?

பிப்ரவரி 4

காலையில் எல்லாருக்கும் எழுதினேன்: தவறு என்னுடையது, வாக்கெடுப்பு செல்லாது, விண்ணப்பித்தவர் இல்லாமல் மறுபடி நடத்துவோம். மாலையில் முடிவு 4–4. சமமாக வந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இல்லை. தலைவருக்கு இரண்டாவது ஓட்டு என்று நானே அறிவித்துக்கொள்ள மனம் வரவில்லை. இரு தரப்பிடமும் வரவு செலவுத் திட்டமும் விசா நிலவரமும் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12

கேட்ட விவரங்கள் வந்தன. 6–2. முதலில் தோற்ற விண்ணப்பம் தேர்வாயிற்று. மற்றவரிடம் நானே தொலைபேசியில் பேசினேன். அவருக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. முதல் நாளே அவரை வெளியே இருக்கச் சொல்லியிருந்தால் ஜெயித்துத் தோற்ற இந்த வலி அவருக்கு இருந்திருக்காது. இதை விதியாக எழுதியே தீர வேண்டும்.

மார்ச் 2

கட்டுரை அனுப்பக் கடைசி நாள். பூமியில் எங்காவது ஓர் இடத்தில் இன்னும் இந்தத் தேதி இருக்கும்வரை வாசல் திறந்திருக்கும். அதாவது யூடிசி என்னும் உலகப் பொது நேரத்திலிருந்து 12 மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். யாரும் தங்கள் ஊரின் நேரத்தால் நட்டப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

ஏப்ரல் 21

தேர்வுக் குழுத் தலைவர் ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினார். எங்கள் வழிநடத்தும் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், ஒரு கட்டுரையின் எண்ணைச் சொல்லி, "மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், ஒரு பார்வை பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். அவருடைய கட்டுரை அல்ல. மோசமான நோக்கம் இருந்திருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் முதல் முறையாகப் பொறுப்பேற்ற இளம் ஆய்வாளருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு கனம்!

இந்தக் குழுவின் வேலை நல்ல தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுத்த பிறகு கையை எடுத்துவிடுவது. மூத்தவருக்கு அதை மரியாதையாக, ஆனால் தெளிவாக எழுதினேன். ரகசியமான மதிப்பெண் அவர் காதுக்கு எப்படி எட்டியது என்றும் கேட்டிருக்கிறேன்.

தேர்வு எப்படியும் துல்லியமானது அல்ல, ஒரு பார்வையால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்பார்கள். துல்லியமில்லை என்பது உண்மைதான். 2014-ல் நியூரிப்ஸ் (அப்போது நிப்ஸ்) என்னும் இயந்திரக் கற்றல் கருத்தரங்கின் தேர்வுத் தலைவர்களாக இருந்த கொரின்னா கோர்ட்டெஸும் நீல் லாரன்ஸும் 166 கட்டுரைகளை ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 43 கட்டுரைகளில் முடிவு மாறியது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றதில் நிராகரிக்கப்பட்டவை. 2017-ல் டபிள்யூஎஸ்டிஎம் என்னும் இணையத் தேடல், தரவுத் துறைக் கருத்தரங்கின் கட்டுரைகளை வைத்து வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: ஆசிரியர் பெயர் தெரிந்தால் புகழ்பெற்றவர்களின், பெரிய நிறுவனங்களின் கட்டுரைகளுக்குச் சாதகம் கூடுகிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். அதிர்ஷ்டத்தின் பங்கு ஏற்கெனவே இவ்வளவு இருக்கிறது. அதன்மேல் செல்வாக்கையும் ஏற்றினால் பெயரில்லாத மாணவருக்கு என்ன மிஞ்சும்?

ஏப்ரல் 24

மூத்தவர் பதில் போட்டார். தேர்வுக் குழு உறுப்பினர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னதாம். மன்னிப்புக் கேட்டிருக்கிறார், தேர்வுத் தலைவரிடமும் நேரடியாக. மதிப்பிட்ட குழு தன் போக்கில் முடிவெடுத்தது. என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை.

மே 28

தேர்வான கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு விசாக் கடிதங்கள். இரண்டு பேருக்கு ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். 2018-ல் மொன்றியாலில் நியூரிப்ஸ் நடந்தபோது 'பிளாக் இன் ஏஐ' என்னும் கருப்பின செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களின் பட்டறைக்கு வரவேண்டிய பலர் விசா கிடைக்காமல் நின்றார்கள். ஐசிஎல்ஆர் என்னும் இன்னொரு இயந்திரக் கற்றல் கருத்தரங்கை 2020-ல் ஆப்பிரிக்காவிலேயே, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடத்தத் திட்டமிட்டார்கள். பெருந்தொற்றால் அது முழுக்க இணையத்துக்குப் போனது. விசா மறுக்கப்பட்டவர் இணையவழி பேசலாம், கட்டுரை தொகுப்பிலிருந்து நீக்கப்படாது என்று இன்று முடிவு செய்தோம். எதிர்ப்பு ஒன்றுமில்லை. இதையும் குறித்து வைத்தேன்.

ஜூலை 11

இரண்டு வாரமாகச் சாசனம் எழுதுகிறேன். மூன்றே பக்கம். பதவிக்காலம் 3 ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள். இடம் கேட்டு விண்ணப்பித்தவர் அந்த விவாதத்திலும் இருக்கமாட்டார், வாக்கெடுப்பிலும் இருக்கமாட்டார். தேர்வுத் தலைவர்கள் தங்கள் ஆண்டில் கட்டுரை அனுப்பக் கூடாது. நடத்தியவர் ஆறு மாதத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

எழுதும்போதுதான் இணையப் பெயரைப் பற்றி விசாரித்தேன். எங்கள் தொடரின் டொமைன் எப்போதோ பட்டம் பெற்றுப் போன ஒரு மாணவரின் பெயரில் இருக்கிறது! ஆண்டுதோறும் சொந்தக் காசில் புதுப்பித்து வந்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். அவரைத் தேடிப் பிடித்து நன்றி சொன்னேன். மாற்றித் தருகிறேன் என்றார்.

இப்படிப்பட்டவற்றின் சாவி, அதாவது கடவுச்சொல், ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது என்று எழுதினேன். எல்லாரிடமும் சேர்ந்து இருந்தால்தான் திறக்கும் என்பதும் ஆபத்துதான். 2025-ல் மறைகுறியியல் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் கலை) ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் நடத்திய தேர்தலில் முடிவைத் திறக்க மூன்று பொறுப்பாளர்களின் சாவியும் தேவைப்பட்டது. ஒருவருடையது தொலைந்துபோனதால் தேர்தலையே மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. அடுத்த முறை மூன்றில் இரண்டு போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். மறைகுறியியல் நிபுணர்களுக்கே இது நடந்தது. நாங்களும் மூன்றில் இரண்டு என்றே வைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 16

கருத்தரங்கின் இரண்டாம் நாள். மாலையில் பொதுக் கூட்டம். வழக்கமாகக் கால்வாசி இருக்கைகள்தான் நிரம்பும். இன்று நின்றுகொண்டும் கேட்டார்கள். சாசனத்தைத் திரையில் போட்டு வரிவரியாகப் படித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "குழுவைத் தேர்ந்தெடுப்பது யார் என்று இதில் இல்லையே?" அரங்கு அமைதியானது. நான் பழைய குழுவே புதியவர்களை நியமிக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டு, அதை எழுதாமலே விட்டிருந்தேன். இத்தனை மாதம் எழுதப்படாத வழக்கத்தோடு போராடிவிட்டு, நானே ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறேன்.

அங்கேயே பேசினோம். ஒரு மணி நேரம் தாண்டியது. கடந்த இரண்டு கருத்தரங்குகளில் பதிவு செய்தவர்களுக்கு ஓட்டு என்று முடிவாயிற்று. இணையவழி வந்தவர்களுக்கும் உண்டு என்று அந்த மாணவியே சேர்க்கச் சொன்னார். கைகள் உயர்ந்தன. எதிர்த்தவர்கள் மூவர், அவர்களின் காரணங்களும் பதிவாகியிருக்கின்றன.

செப்டம்பர் 18

துறையை விட்டுப் போன இருவரும் நன்றியோடு விலகல் கடிதம் அனுப்பினார்கள். மூன்றாவது இடம் பழைய தலைவருடையது. அவரும் தானாகவே எழுதிவிட்டார். வேட்புமனு அடுத்த திங்கள் தொடங்குகிறது, மூன்று இடங்கள். டொமைன் மாறி வந்துவிட்டது.