மதினி வந்திருந்த நாட்கள்: ரங்கூன் நாட்குறிப்பு

2019 அக்டோபர் 5, சனி

55 வருடங்களுக்குப் பிறகு மதினி, என் அத்தை மகள், இன்று ரங்கூனில் கால் வைத்தார். 1964இல் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறியபோது அவருக்கு வயது 7. அந்த மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. கடைகள் அரசுடைமையாகின. அத்தை குடும்பம் திருச்சிக்குப் போயிற்று, அப்பா இங்கேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து.

எங்கள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. தெருவில் நின்று கயிற்றை இழுத்தேன். மேலே மணி ஒலித்தது. மகன் பால்கனிக்கு வந்து, சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்கினான். மதினி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். மாடிக்கு ஒரு கயிறு தொங்குகிறது. காலையில் பத்திரிகை, காய்கறி எல்லாம் இதில்தான் ஏறும்.

"தெருவில் போகிற பிள்ளைகள் இழுத்துவிட்டு ஓட மாட்டார்களா?"

ஓட மாட்டார்கள். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, நானும் மகனுக்குச் சொன்னதில்லை.

புரட்டாசிச் சனி என்பதால் இலை போட்டுச் சைவச் சாப்பாடு. மூன்றாம் மாடி சயாமாவுக்கும் கொடுத்தனுப்பினேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மகனுக்கு நான்கு வருடம் பாடம் சொல்லித் தந்தவர். ஆசிரியை என்பதற்குப் பர்மியச் சொல்தான் சயாமா, தெரு முழுக்க அவரை அப்படித்தான் அழைக்கிறோம். அவரும் பௌத்த நோன்புக்காலம் தொடங்கும் வாசோ பௌர்ணமியிலிருந்து இறைச்சி தொடாமல் இருக்கிறார்.

அக்டோபர் 6, ஞாயிறு

டீக்கடைக்குப் போனோம். உட்கார்ந்ததும் சமூசா, பலாட்டா, இனிப்பு பன் என்று தட்டுத் தட்டாக மேசைக்கு வந்தன. "நாம் கேட்கவே இல்லையே" என்று மதினி பதறினார். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்றேன். கெண்டியில் இருக்கும் வெறும் தேநீர் இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

அப்போது பின்மேசை ஆள் உதட்டைக் குவித்து முத்தமிடுவது போல் இரண்டு முறை சத்தம் எழுப்பினார். மதினியின் முகம் சிவந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்.

"திருச்சியில் எவனாவது இப்படிச் செய்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்."

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அது டீ கொண்டுவரும் பையனைக் கூப்பிடும் சத்தம், தலைமுறை தலைமுறையாக இங்கே அப்படித்தான். பையனும் சாதாரணமாகத்தான் ஓடி வந்தான். ஆனால் இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே அந்தச் சத்தம் பிடிக்காது. நான் 'மௌங்லே' என்றுதான் கூப்பிடுவேன், தம்பி என்று பொருள். பழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

விஜயதசமி. கோயிலுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினோம். தெருமுனையிலிருந்தே கண்ணில் பட்டது: பால்கனியின் மேல்கம்பியில் மதினியின் சேலையும் உள்பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. நேர் கீழே சயாமா வீட்டுப் பால்கனி. அங்கே அவருடைய பேரன் உட்கார்ந்து கிதார் வாசிப்பது வழக்கம். இன்று நாற்காலி காலியாக இருந்தது.

படியில் சயாமா எதிர்ப்பட்டார். சிரித்தார். "மழை வரும்போல் இருக்கிறது, ஞிமா. துணி நனைந்துவிடப் போகிறது" என்றார். ஞிமா என்றால் தங்கை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மேலே ஓடிப்போய்த் துணியை எடுத்தேன். ஆண்களுக்கென்று ஒரு மகிமை இருக்கிறது, பெண்கள் இடுப்பில் உடுத்தும் துணி தலைக்கு மேலே இருந்தால் அது குறைந்துவிடும் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. எங்கள் வீட்டில் லுங்கிக்கும் சட்டைக்கும் மேல்கம்பி, என் துணிக்குப் பின்பக்கம் இடுப்பு உயரத்தில் தனிக்கயிறு. அம்மா கட்டிய கயிறு அது.

"நீ இதை நம்புகிறாயா?" என்று மதினி நேராகக் கேட்டார்.

நம்பவில்லை. பெண்ணின் துணியில் என்ன தாழ்வு? மகளிருந்தால் அவளிடமும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பையன் எழுந்து உள்ளே போய்விட்டான், பாட்டி மழையைச் சாக்கிட்டுப் பேசினார். அவர்களை அந்த நிலையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சயாமா ஏன் நேராகச் சொல்லவில்லை என்பதை விளக்கத்தான் வெகுநேரம் பிடித்தது. 'ஆனாடே' என்று ஒரு பர்மியச் சொல் உண்டு. ஆ என்றால் பலம், நா என்றால் நோவு. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்க, அவரைக் கூச வைக்க மனம் இடம் கொடுக்காமல் உள்ளே நோகிறதே, அதுதான். சங்கோசம் என்றால் பாதிதான் வரும். முகத்தாட்சண்யம் என்றால் இன்னொரு பாதி. இந்த ஊரில் விதியை மீறுகிறவருக்கு அது விதி என்றே தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். மீறிவிட்டாய் என்று சொல்வது அதைவிடப் பெரிய மீறல்.

அப்படியானால் சொல்ல வேண்டியவள் நான்தானே. இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்தி. அவர் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன்

மதினிக்குக் காசு கொடுக்கப் பழக்கினேன். வலது கையால் நீட்டி, இடது கை விரல்களால் வலது முழங்கையைத் தொட வேண்டும். அவருக்கு இடது கை முன்னே வரவே மறுக்கிறது. "கொடுக்கும்போது இடது கை கண்ணிலேயே படக் கூடாது என்று அம்மா அடித்து வளர்த்தார்கள்" என்கிறார். இங்கே அந்தக் கையும் மரியாதை செய்ய வருகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

தடின்ஜு பௌர்ணமி. தாயாருக்கு அபிதம்மம் உபதேசித்துவிட்டுப் புத்தர் தேவலோகத்திலிருந்து இறங்கி வந்த நாள் என்பார்கள். தெரு முழுக்க மெழுகுவர்த்தி வரிசை. மதினி கார்த்திகை, கார்த்திகை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த நாட்களில் இளையவர்கள் பெரியவர்களைத் தேடிப் போய்க் 'கடோ' செய்வார்கள். மண்டியிட்டு, கூப்பிய கையை நெற்றியில் வைத்து மூன்று முறை வணங்குவது. மகன் பழக்கூடையோடு கீழே போய்ச் சயாமாவை வணங்கினான். அவர் கண்ணை மூடி நீளமாக வாழ்த்தினார்.

சற்று நேரத்தில் அவருடைய பேரன் மேலே வந்தான். 19 வயது. வீட்டுக்கு வந்திருக்கும் மூத்தவர் என்று மதினி முன்னால் மண்டியிட்டான். மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தத் தமிழ்ப் பெரியவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: இரண்டு உள்ளங்கைகளையும் அவன் உச்சந்தலையில் அழுத்தி, "நன்றாக இருக்க வேண்டும், ராசா" என்றார்.

அவன் அசையவில்லை. காதுமடல் இரண்டும் சிவந்தன. தோள் மெல்ல உள்ளே சுருங்குவது எனக்குத் தெரிந்தது. இங்கே தலை என்பது உடம்பிலேயே உயர்ந்த இடம், வளர்ந்தவன் தலையில் வேறொருவர் கைவைப்பது கிடையாது. வாழ்த்துகிறவர் கை தம் மடியில்தான் இருக்கும். மதினி கையை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு எழுந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "யா பா டே" என்றான், பரவாயில்லை என்று. ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னான்.

மதினிக்கு இன்னும் தெரியாது. "என்ன பணிவான பிள்ளை!" என்று சொல்லிக்கொண்டே படுக்கப் போனார்.

அக்டோபர் 14, திங்கள்

தூக்கம் வரவில்லை. விடிந்ததும் கீழே போனேன்.

சயாமா முகத்தில் பூசும் தனக்காச் சாந்துக்காகக் கல்லில் கட்டையை உரைத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. எங்களில் மூத்தவர் தலையில் கைவைத்தால் அதுதான் ஆசி, அது கிடைக்காமல் கல்யாண மேடையிலிருந்து மணமக்களைக்கூட இறக்க மாட்டோம், தன்னிடம் உள்ள நல்லதையெல்லாம் அந்த வழியாகத்தான் இறக்கிவைக்கிறோம் என்றேன். உரைக்கும் கை நின்றது.

"ஞிமா, 12 வருடம் என் தலைக்கு மேலே குடியிருக்கிறாய். இதை நீ சொன்னதே இல்லையே" என்றார்.

சொன்னதில்லை. அவர்கள் ஆனாடேயை நானும் பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மேலே வந்து மதினியிடமும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பிள்ளை கையைத் தட்டிவிடவில்லையே" என்றார் கடைசியில்.

2012இல் நான் திருச்சி போனபோது நடந்ததை அவருக்கு நினைவூட்டினேன். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வாய் நிறையச் சிரித்து, "எங்கே போகிறீர்கள் மாமா?" என்றேன். இங்கே பக்கத்து வீட்டாரைக் கண்டால் 'பே துவா மலோ லே' என்று அதைத்தான் கேட்போம், வணக்கம் சொல்வது போல. மாமா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பத்து நிமிடம் கழித்து ஒன்றும் பேசாமல் மறுபடி கிளம்பினார். சம்பந்தம் பேசப் போகிற மனிதரை வாசலில் வைத்து எங்கே என்று கேட்டுவிட்டேன் என்று இரவு மதினிதான் காதோடு சொன்னார். கேட்டே ஆக வேண்டுமென்றால் "தூரமாகவா?" என்று கேட்க வேண்டுமாம். அம்மா எனக்குச் சொல்லித்தான் இருப்பார். பர்மியப் பேச்சு நாளெல்லாம் காதில் விழும் ஊரில் அது கரைந்துபோயிருக்க வேண்டும்.

இங்கே அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலும் தேவையில்லை. 'டீ நா லே பா', இதோ பக்கத்தில்தான், என்றால் போதும்.

அக்டோபர் 19, சனி

ஷ்வேடகோன் பகோடா. படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றியாக வேண்டும், காலுறையும் கூடாது. நமக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு ஏறிய காலம் ஒன்று இருந்தது. 1916இல் இளைஞர் பௌத்த சங்கத்தார் அதை எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள். 1919இல் அரசு இறங்கிவந்து, காலணி விஷயத்தை அந்தந்த மடத்துத் தலைமைப் பிக்குவே முடிவு செய்யலாம் என்றது. பர்மிய தேசிய இயக்கம் வேர்விட்டதில் இந்தச் செருப்புச் சண்டைக்குப் பங்குண்டு. நூற்றாண்டுக்கணக்கில் எழுதப்படாமல் நின்ற விதி, தெரியாதவன் வந்து மிதித்த பிறகே பலகையில் ஏறியது.

மேல்தளத்தில் பிறந்த கிழமைக்கு ஒரு சந்நிதி. மதினிக்கு நட்சத்திரம் தெரியும், ராசி தெரியும், கிழமை தெரியவில்லை. திருச்சிக்குத் தொலைபேசியில் பேசி ஜாதகத்தைப் பார்க்கச் சொன்னோம்: புதன்கிழமை, பிற்பகல் 3 மணி. இங்கே புதன் இரண்டு நாள். காலையில் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, மதியத்துக்கு மேல் தந்தமில்லாத யானை, அதன் கிரகம் ராகு. ராகு என்றதும் மதினி ஒரு அடி பின்வாங்கினார். இங்கே அது பயப்படும் பெயர் இல்லை, ஒரு கிழமை போலத்தான் என்று சொல்லி வடமேற்கு மூலைக்கு அழைத்துப்போனேன். வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று குவளைக் கணக்கு. அவருக்கு 63 குவளை. "நாயன்மார் கணக்கு" என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி ஊற்றினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. இங்கே அரசு விடுமுறை. காளி கோயிலில் நெரிசல். சயாமாவுக்கு மதினி ஒரு சின்னாளப்பட்டுச் சேலை கொடுத்தார். அவர் வாங்கி, பிரிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பேசினார். கொடுத்தவர் எதிரில் பிரிக்கக் கூடாது என்பதை நேற்றே மதினியிடம் சொல்லிவைத்திருந்தேன். அதனால் அவரும் நிம்மதியாக முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

அக்டோபர் 30, புதன்

காலை 9 மணிக்கு டாக்சி வந்தது. மகன் பெட்டிகளை இறக்கினான். மதினி சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு வாசற்படி தாண்டிய அதே நொடியில் சயாமா படியேறி வந்தார். கையில் லபெட், ஊறவைத்த தேயிலை, பொட்டலம். மலர்ந்த முகத்தோடு, "அமா, பே துவா மலோ லே?" என்றார்.

எனக்கு மூச்சு நின்றது. பயணம் கிளம்புகிறவரை, அதுவும் வாசலில்.

மதினி ஒரு கணம் விழித்தார். பிறகு, எங்கிருந்து வந்ததோ, "டீ நா லே பா" என்றார். நான் சொல்லித் தந்த உச்சரிப்பு இல்லை அது. குரலே மாறியிருந்தது, சிறு பிள்ளையின் இழுப்பு. சயாமா விழுந்து விழுந்து சிரித்தார். கோலாலம்பூர் போய்த் திருச்சிக்குப் போகிறவர், இதோ பக்கத்தில்தான் என்கிறார்.

ஆனால் மதினி செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு வாய் தண்ணீர் கொடு" என்றார்.

சயாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். இந்த முறை நான் தாமதிக்கவில்லை. கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் நாங்கள் இப்படி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம், கோபமில்லை, என்று முழுக்கச் சொன்னேன். அவர் வாயில் கைவைத்துக் "கடோ, கடோ" என்றார். பிறகு, நான் கொண்டுவந்த செம்பைத் தாமே வாங்கினார். வலது கையில் செம்பு, இடது கை வலது முழங்கையில். கொஞ்சம் குனிந்து மதினியிடம் நீட்டினார். மதினி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கீழே டாக்சிக்காரர் யார் கயிற்றையோ இழுத்தார். எங்கள் மணிதான் ஒலித்தது.