எழுந்து போய்க் கொடு

பள்ளிவாசல் ஜமாஅத் ஆபீசில் எழுத்தர் என்றால் நிக்காஹ் தஃப்தர் என்கிற கல்யாணப் பதிவேடு எழுதுவது, சந்தா ரசீது போடுவது, வெளியூரில் பெண் எடுப்பவர்களுக்குக் கடிதம் கொடுப்பது, வக்ஃப் வாரியத்துக்குக் கணக்கு அனுப்புவது, இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊர். ஊர்ச் சண்டையெல்லாம் இந்த மேஜைக்குத்தான் வரும் என்று யாரும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, கைமாற்று, கூரைத் தண்ணீர் யார் கொல்லையில் விழுவது, எல்லாம் இரவு இஷா தொழுகை முடிந்ததும் வரும். பள்ளிவாசல் பொறுப்பாளரான முத்தவல்லியும் நிர்வாகிகளும் பேசுவார்கள், தொழுகை நடத்தும் ஹஜ்ரத் மார்க்கம் சொல்வார், நான் எழுதுவேன். எழுதுகிறவனை யாரும் கவனிப்பதில்லை என்பது ஒரு வசதி. எல்லார் முகத்தையும் நிதானமாகப் பார்க்கலாம்.

கடன் வழக்குகள்தான் அதிகம். அதற்கு ஹஜ்ரத் எப்போதும் எடுப்பது நபித்தோழர் கஅப் இப்னு மாலிக் சம்பவத்தை. மதீனாப் பள்ளிவாசலுக்குள்ளேயே கஅப் தனக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் என்பவரிடம் கேட்கிறார். இருவர் குரலும் உயர்கிறது. வீட்டுக்குள் இருந்த நபி (ஸல்) அவர்களுக்குச் சத்தம் கேட்டு, திரையை விலக்கிக்கொண்டு வந்து, "கஅபே" என்று கூப்பிட்டு, பாதியைத் தள்ளிவிடு என்று கையால் சாடை காட்டுகிறார்கள். தள்ளிவிட்டேன் என்கிறார் கஅப். உடனே மற்றவரைப் பார்த்து, "எழுந்து போய்க் கொடு" என்கிறார்கள். புகாரி தொகுப்பில் இருக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, இது.

நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் முதல் பாதி மட்டும்தான் நடக்கிறது. கொடுத்தவரை உட்கார வைத்து, "அல்லாஹ்வுக்காக விட்டுக் கொடுங்க பாய்" என்று ஆளாளுக்குக் கெஞ்சி, தொகையைக் குறைத்துவிடுகிறோம். வாங்கியவர் இரண்டு தவணை கட்டுவார். அப்புறம் வாசலில் என்னைப் பார்த்தால் வேறு தெருவில் போவார். கடைசியில் நஷ்டப்பட்டவர் ஜமாஅத் மேலேயே கோபமாகிவிடுவார். அவர் கோபத்தில் தப்பே கிடையாது. இப்போதெல்லாம் நான் முத்தவல்லியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதலில் கடன் வாங்கியவர் எவ்வளவு பணத்தோடு வந்திருக்கிறார் என்று கேளுங்கள், அந்தப் பணம் மேஜைக்கு வந்த பிறகு தள்ளுபடியைப் பேசலாம். இதைப் பின்பற்றியதில் வழக்குகள் குறையவில்லை. ஆனால் முடிந்த வழக்கு மறுபடி வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

ஒரு கடை விவகாரம் எனக்கு வேறொன்றைக் காட்டியது. அத்தா, அதாவது தகப்பனார், விட்டுப்போன பாத்திரக் கடை. அண்ணன் நடத்துகிறார், தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணமும் அதில் போயிருக்கிறது. பங்கெல்லாம் பேசி முடித்து ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தேன். "கடை உரிமையாளர்" என்று அண்ணன் பெயருக்கு முன்னால் எழுதியிருந்ததைப் பார்த்ததும் தம்பி பேனாவை வைத்துவிட்டார். "அதை நான் ஒத்துக்கிட்டா இவ்வளவு நாள் எதுக்குப் பேசினோம்?" அண்ணன் முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷமாகக் கடையைத் திறந்து மூடியவர் அவர்தானே.

ஹஜ்ரத் அப்போது ஹுதைபிய்யா உடன்படிக்கையைச் சொன்னார். ஹிஜ்ரி 6, அதாவது 628. மதீனாவிலிருந்து உம்ரா யாத்திரைக்குக் கிளம்பி வந்த நபியவர்களையும் தோழர்களையும் மக்காவுக்கு வெளியே அவ்வூர்க் குறைஷிக் குலத்தார் தடுத்துவிட்டார்கள். உடன்படிக்கை எழுதும்போது "அல்லாஹ்வின் தூதர் முஹம்மது" என்று எழுதியதைக் குறைஷிகளின் தூதர் ஸுஹைல் இப்னு அம்ர் ஏற்கவில்லை. அதை ஏற்றிருந்தால் உங்களைத் தடுத்தே இருக்க மாட்டோமே என்று வாதாடினார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அழிக்க மனம் வரவில்லை. நபியவர்களே அதை அழித்து, "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது" என்று எழுதச் செய்தார்கள். மக்காவிலிருந்து ஓடி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், மதீனாவிலிருந்து போகிறவரைக் குறைஷிகள் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்ற ஒருதலைப்பட்சமான நிபந்தனையும் அதில் இருந்தது. உமர் (ரலி) கொதித்துப் போனார்கள். பத்து வருஷத்துக்குச் சண்டை இல்லை என்ற ஒரே வரிக்காக நபியவர்கள் எல்லாவற்றையும் பொறுத்தார்கள். பலியிட்டு முடி களையச் சொன்னபோது தோழர்கள் துக்கத்தில் நகரவே இல்லை. நீங்கள் யாரிடமும் பேசாமல் போய் உங்கள் பலியைக் கொடுங்கள், அவர்கள் தானாக எழுவார்கள் என்று யோசனை சொன்னவர் நபியவர்களுடைய மனைவி உம்மு ஸலமா (ரலி). அப்படியே நடந்தது.

ஹஜ்ரத் இதை அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அடிச்சிருங்க தம்பி" என்றார் என்னிடம். அந்த ஒரு சொல்லை நான் கோடு போட்டு அடித்தேன். இருவரும் சுருக்கொப்பம் போட்டார்கள். சொத்துப் பாகத்தைப் பதிவு செய்யாமல் ஜமாஅத் தாளில் விட்டால் நாளைக்குக் கோர்ட்டில் அதற்கு மதிப்பிருக்காது, சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய்விடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். இதை எல்லா ஜமாஅத் எழுத்தர்களும் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை, ஏதோ நம் முத்திரைக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள்.

சண்டைப் பேச்சை நான் எழுதுவதில்லை. ஒருவர் மற்றவரைத் திட்டியது மினிட் புத்தகத்தில் ஏறாது. பக்கத்து அறையில் தனியாக உட்கார வைத்திருப்பவரிடம் போகும்போதும், எதிராளி சொன்ன பத்தில் கேட்கத் தக்க ஒன்றை மட்டும் எடுத்துப் போவோம். மக்களுக்கிடையில் சமாதானம் செய்ய நல்லதைச் சொல்கிறவர் பொய்யர் அல்ல என்ற ஹதீஸ் இதற்குத் துணை. சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் சமரச மையம் தொடங்கியது. அங்கே ஒரு தரப்போடு துணைக்குப் போனபோது பார்த்தேன், அவர்களும் தனித்தனியாகத்தான் பேசுகிறார்கள். ஒரு வித்தியாசம். அங்கே பேசியது வெளியே வராது. நம் பள்ளிவாசலில் இரவு பேசியது காலையில் டீக்கடையில் இருக்கும்.

புருஷன் பெண்டாட்டி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஜமாஅத் மேல் வருத்தம் இருப்பது இங்கேதான். அவன் குடும்பத்திலிருந்து ஒருவர், அவள் குடும்பத்திலிருந்து ஒருவர் என்று இரு நடுவர்களை அனுப்புங்கள் என்கிறது குர்ஆன், நான்காவது அத்தியாயம், 35-ஆவது வசனம். நாங்கள் செய்ததோ, அவள் தரப்பில் அவள் அத்தாவையோ மாமாவையோ உட்கார வைத்து, அவர் பேசியதை அவள் பேச்சாக எடுத்துக்கொண்டது. அவள் வெளியே ஆட்டோவில் இருப்பாள். தன் கணவரைப் பற்றி நபியவர்களிடம் நேரில் வாதாடிய கவ்லா என்ற பெண்ணின் பேச்சை அல்லாஹ்வே கேட்டான் என்றுதான் 58-ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. அதை ஓதுகிற இடத்துக்கு வெளியேதான் ஆட்டோ நின்றது.

இப்போது ஊரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மதரஸா அறையில் அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசுகிறார். அதற்கே சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் உண்மையான சேதி அந்த அறையிலிருந்துதான் வருகிறது. அடித்திருக்கிறான் என்று தெரிந்தால் நாங்கள் சமாதானம் பேசுவதில்லை, மகளிர் காவல் நிலையத்துக்கு வழி சொல்கிறோம். அடிபட்டவளை "பொறுத்துப் போம்மா" என்று திருப்பி அனுப்புவதைச் சுலஹ், சமாதானம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சமாதானம் செய்யச் சொல்லும் 49-ஆவது அத்தியாயமே, அத்துமீறுகிற தரப்பை முதலில் தடுத்து நிறுத்தச் சொல்கிறது, பிறகு நீதியோடு இணக்கம் செய்யச் சொல்கிறது.

போன வருஷம் ஒரு பெண், குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு, வேண்டும் என்று உறுதியாக நின்றாள். கணவர் நல்ல மனிதர், அழுதார். நிர்வாகிகளில் ஒருவர், "இது ஜமாஅத் முடிவு, போய்ச் சேர்ந்து வாழு" என்றார். ஹஜ்ரத் குறுக்கிட்டு பரீரா சம்பவத்தைச் சொன்னார். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பரீரா, கணவர் முகீஸைப் பிரிகிறார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாத் தெருக்களில் அவர் பின்னாலேயே போகிறார். நபியவர்கள் பரீராவிடம், அவரிடம் திரும்பிப் போகலாமே என்கிறார்கள். "இது கட்டளையா?" என்று கேட்கிறார் பரீரா. "இல்லை, பரிந்துதான் பேசுகிறேன்." "அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை." அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அல்லாஹ்வின் தூதரே கட்டளையிடாத இடத்தில் ஜமாஅத் முடிவு என்று எதைச் சொல்வது? ஃபத்வா என்கிற மார்க்கத் தீர்ப்புக்குச் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிவாசல்களில் ஷரீஅத் நீதிமன்றம் போல எதுவும் நடக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அப்போது இங்கே பலருக்குக் கோபம். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊர் விலக்கு, கல்யாணத்துக்குத் தஃப்தர் தர மாட்டோம், மையவாடியில் அடக்கம் செய்ய இடமில்லை என்று மிரட்டி முடித்த பழைய வழக்குகளின் தாள்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் செய்வதில்லை. மிரட்டுகிற சக்தி போன பிறகு நிர்வாகிகள் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கேட்பதற்கு நேரம் பிடிக்கிறது, இஷாவுக்குப் பிறகு பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது, எனக்குக் கூடுதல் சம்பளமும் கிடையாது. சரி, அது வேறு கதை.

அந்தப் பெண்ணுக்கு மஹர் என்கிற மணக்கொடைக் கணக்குப் பார்த்துக் குலா எழுதினேன். பாத்திரக் கடை அண்ணன் தம்பி இன்னும் பேசிக்கொள்ளவில்லை. மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது கூடாது, முதலில் ஸலாம் சொல்கிறவர்தான் சிறந்தவர் என்று ஹஜ்ரத் ஜும்ஆவில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். தம்பி பங்குப் பணம் மட்டும் மாசம் ஐந்தாம் தேதி தவறாமல் போகிறது, அண்ணன் மகன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டும் வருகிறானாம்.